கால்மிதி செய்யும் முன் தரையைப் பாருங்கள்

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது நோயாலோ காயத்தாலோ விட்டுப்போன அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். பக்கவாதம் வந்து தேறியவர்களின் விரல்களுக்கு மறுபடி வேலை பழக்க, பழைய துணியில் கால்மிதி செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன். கால்மிதி வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து வருபவர்களையும் பார்க்கிறேன், அதனால் எப்படிச் செய்வது, எங்கே போடக்கூடாது என்பதைச் சேர்த்தே எழுதுகிறேன்.

சணல் சாக்கில் துணிப் பட்டையைக் கண்ணி கண்ணியாக இழுத்துச் செய்யும் இந்த வேலைக்கும் எங்கள் துறைக்கும் பழைய உறவு உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கடலோரத்தில் மீனவர் வீட்டுப் பெண்கள் குளிர்காலத்தில் இப்படித்தான் விரிப்புகள் செய்துவந்தார்கள். அங்கே மருத்துவர் வில்ஃப்ரெட் கிரென்ஃபெல் நடத்திய மிஷனுக்கு 1906-இல் போன ஜெஸ்ஸி லூத்தர், எங்கள் துறையின் முன்னோடிகளில் ஒருவர், நெசவில் தொடங்கிய கைத்தொழில் பிரிவு பிறகு இந்த விரிப்புகளுக்கே பெயர் பெற்றது. பழைய பட்டுக் காலுறைகளை ஊர் ஊராகக் கேட்டு வாங்கி அதிலும் செய்தார்கள்; பல குடும்பங்களுக்கு அது வருமானமாகவும் ஆனது.

நமக்கு அரிசிக்கடைச் சணல் சாக்கு போதும். உரமோ பூச்சிமருந்தோ வந்த சாக்கைத் துவைத்தாலும் தொடாதீர்கள். சாக்கை அலசி வெயிலில் காயவைத்து, பெரிய எம்ப்ராய்டரி ஃப்ரேமிலோ பழைய போட்டோ சட்டத்திலோ தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள், கடைசியில் மடித்துத் தைக்க ஓரத்தில் நாலு விரல் அகலம் விட்டுவிடுங்கள். நைட்டி, டி-ஷர்ட் எதுவானாலும் அரை சென்டிமீட்டர் அகலப் பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். பட்டையைச் சாக்குக்கு அடியில் இடது கையில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து தடித்த குரோஷே ஊசியை விட்டு நுனியை மேலே இழுங்கள். இரண்டு இழை தள்ளி மறுபடி ஊசியை விட்டால் இந்தமுறை நுனி வராது, கண்ணி வரும். அப்புறம் அப்படியே போகவேண்டியதுதான். முடிச்சே கிடையாது, பக்கத்துக் கண்ணிகளின் நெருக்கமே பட்டையைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் நெருக்கம் வேண்டுமென்று ஒவ்வொரு ஓட்டையிலும் கண்ணி போட்டால் சாக்கு தாங்காது, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டுகொள்ளும். கால் இடறுவது அந்த ஓரத்தில்தான். சில வரிசை போட்டதும் ஃப்ரேமிலிருந்து கழற்றித் தரையில் விரித்துப் பாருங்கள். தட்டையாகக் கிடக்கவில்லையா, இரண்டு வரிசையை உருவிவிட்டு இடைவெளி விட்டுப் போடுங்கள், பட்டையை இழுத்தால் சுலபமாக வந்துவிடும். கண்ணியின் உயரமும் அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். உயரமான கண்ணியில் மெட்டி சிக்கும், வாக்கரின் காலும் மாட்டும்.

கட்டைவிரல் அடிமூட்டு வலிப்பவர்கள் ஊசியின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளுங்கள், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கையை நீட்டி மடக்குங்கள். ராத்திரியில் விரல் மரத்துப்போகிறதென்றால் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, எங்கே போடுவது? டைல்ஸ் தரையில் வெறுமனே போட்ட கால்மிதி மிதிப்பவரோடு சேர்ந்து நகரும், அதனால் ரப்பர் வலை விரிப்பு வாங்கி அளவாக வெட்டி அடியில் போடுங்கள். குளியலறை வாசலுக்கு இது ஆகாது, சணல் ஈரத்தைப் பிடித்துவைத்து மெல்ல உளுத்துவிடும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு ஓரத்தில் கால் பட்டதே தெரியாமல் போகலாம். பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய் உள்ள பலர் பாதத்தைத் தூக்காமல் தேய்த்து நடப்பார்கள். இவர்கள் நடக்கும் வழியில் எந்த விரிப்பும் வேண்டாம், நீங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஆசையாகச் செய்ததானாலும் வேண்டாம். மறதி நோய் உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால் கருப்பு நிறத்தையும் தவிருங்கள், தரையில் கிடக்கும் கருப்புத் திட்டு சிலருக்குக் குழியாகத் தெரிந்து, தாண்டப்போய் தடுமாறுவார்கள்.

தரையில் விரிப்பே ஆகாத இவர்களுக்காகவே செய்ய ஆசைப்பட்டால், நாற்காலி இருக்கையை அளந்து அந்த அளவுக்குச் செய்து, நாலு மூலையிலும் நாடா தைத்து நாற்காலியோடு கட்டிக்கொடுங்கள்.