நடு நட்டைக் கழற்றும் முன்

போன மழைக்காலத்தில் இங்கே யாங்கோனின் தாம்வே பக்கமிருந்து ஒரு தம்பி பட்டறைக்கு வந்தான். வலது கையில் மாவுக்கட்டு, கூட வந்தவர் கையில் கோணிப்பை, அதற்குள் அவனுடைய பழைய கரோலாவின் முன்பக்க ஷாக்கப்சர் தனியாக, ஸ்பிரிங் தனியாக. "மேல இருந்த நட்டத்தான் அண்ணே கழட்டினேன், வெடி மாதிரி அடிச்சிருச்சு" என்றான். இரண்டு விரல் எலும்பு முறிந்திருந்தது. அந்த நேரத்தில் குனிந்து பார்த்திருந்தால் முகமே போயிருக்கும்.

யாங்கோனில் பழைய ஜப்பான் கார் வைத்திருப்பவர்கள் முன்பக்க வேலையை வீட்டிலேயே செய்வது புதிதில்லை, அதைத் தப்பென்றும் சொல்லமாட்டேன். 1970-லிருந்து இங்கே சாலையின் வலப்பக்கம்தான் ஓட்டுகிறோம், ஆனால் ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம், அதனால் ஓட்டுகிறவர் கனம் விழுவதும் ஓரத்துச் சக்கரத்தில், தண்ணீர் தேங்கி மறைந்த பள்ளத்தில் இறங்குவதும் அதே சக்கரம். என்னிடம் வரும் வண்டிகளில் வலது முன்பக்கம்தான் பெரும்பாலும் முதலில் 'டொக் டொக்' என்று சத்தம் போடும்.

சரி, அந்த நட்டு விஷயம். பழைய கரோலா மாதிரி வண்டிகளில் ஷாக்கப்சரைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும். பானெட்டைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் அதன் தலை தெரியும், சுற்றிலும் மூன்று நட்டு, நடுவில் ஒன்று. சுற்றியுள்ளவை ஷாக்கப்சரை பாடியோடு பிடித்திருப்பவை. நடுவில் இருப்பது அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது. சக்கரத்தைக் கழற்றி எல்லாம் தொங்கினாலும் ஸ்பிரிங் முழுசாக விரிந்திருக்காது, உள்ளே இன்னும் விசை இருக்கும், பார்த்தால் தெரியாது.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரசரை இரண்டு பக்கமும் நேர் எதிரெதிரே மாட்டி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றிக் கை ஸ்பேனராலேயே முறுக்குங்கள். ஸ்பிரிங் தன் தட்டை விட்டு விலகி லேசாக ஆட வேண்டும், அதுவரை நடு நட்டைத் தொடக்கூடாது. விரிசல் விட்ட ஸ்பிரிங்கை அமுக்கவே வேண்டாம். கம்பி கட்டி அமுக்கிப் பார்க்கிறவர்களையும் கண்டிருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். கம்ப்ரசர் இல்லையென்றால் நடு நட்டைத் தொடாமல், சுற்றியுள்ள மூன்று நட்டையும் கீழே இருக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றி, ஷாக்கப்சரை ஸ்பிரிங்கோடு முழுசாகத் தூக்கிக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போய்விடுங்கள். கீழ் போல்ட்டைக் கழற்றுமுன் அது இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் திரும்ப மாட்ட உதவும், ஆனாலும் முடிந்ததும் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணம், பார்க்கத்தான் வேண்டும்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்டு. கூடியவரை சிமெண்ட் தரையில் செய்யுங்கள். மழைக்காலத்து மண் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், ஏறக்குறைய 1000 கிலோ வண்டி ஏறினதும் ஸ்டாண்டின் ஒரு கால் மட்டும் மெல்ல மெல்ல இறங்கும், அடியில் படுத்திருப்பவருக்கு அது தெரியாது. பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். அப்புறம் பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை, பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள், ஹோஸ் உள்ளுக்குள்ளேயே நைந்துபோகும்.

சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷில், அதாவது போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பரில்தான் நன்றாக வேலை தெரிந்தவர்களும் தவறுவார்கள். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், வண்டியை இறக்கியதும் நின்றாலும் ஓடினாலும் முறுகியபடியே இருக்கும். அப்படிப் போட்ட புதுப் புஷ் ஒன்று மூன்றே மாதத்தில் கிழிந்து என்னிடம் வந்தது. போல்ட்டை முதலில் லேசாகப் பிடித்துவிட்டு, சக்கரங்களைக் கனமான பலகைகள் மேல் ஏற்றி வண்டியின் எடை முழுவதும் இறங்கிய பிறகு கடைசி இறுக்கு இறுக்குங்கள்.

அந்தத் தம்பி கட்டுப் பிரித்த பிறகு திரும்ப வந்தான். இடது பக்க ஷாக்கப்சரையும் கழற்றி எடுத்து வந்திருந்தான், ஸ்பிரிங்கோடு முழுசாக, நடு நட்டின் மேல் டேப் ஒட்டி.