ஸ்லோகன், சுலோகம், கோஷம், முழக்கம்

இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் போராட்டம் என்று வந்தாலே ஒரு வரி கூடவே வந்துவிடும்: ‘சுலோகங்கள் எழுதிய பதாதைகளை ஏந்தியவாறு ஆர்ப்பாட்டத்தில் ஈடுபட்டனர்.’ தமிழ்நாட்டுக்காரர் முதல் தடவை இதைப் படித்தால் கொஞ்சம் முழிப்பார். இங்கே சுலோகம் என்றால் பாட்டி விளக்கேற்றிவிட்டு முணுமுணுப்பது. அதையா தட்டியில் எழுதித் தூக்கிக்கொண்டு போகிறார்கள்?

இல்லை, அங்கே சுலோகம் என்பது ஸ்லோகன்தான். ஒலி நெருக்கமாக இருப்பதால் ஒன்று மற்றொன்றின் சட்டையைப் போட்டுக்கொண்டது. பிறப்பில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சுலோகம் வடமொழிச் சொல். கேட்டல் என்ற பொருள் கொண்ட வேரிலிருந்து வந்து, ஒரு செய்யுள் வகைக்குப் பெயரானது. ஸ்லோகன் பிறந்ததோ ஸ்காட்லாந்து மலைப்பகுதியில். அங்குள்ள கேலிக் மொழியில் ‘ஸ்லுவாக்’ என்றால் படை, பெருங்கூட்டம். ‘கைர்ம்’ என்றால் கூவல். இரண்டும் சேர்ந்தால் படைக்கூவல். சண்டைக்குக் கிளம்பும் குலத்தார் தங்கள் தலைவன் பெயரையோ ஒன்றுகூடும் இடத்தின் பெயரையோ சொல்லிக் கத்துவார்கள். யார் நம் ஆள், யார் எதிராளி என்று அதை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். 16ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் ஆங்கில எழுத்துக்குள் வந்தது. பழைய எழுத்துக்கூட்டல் ஒன்றில் கடைசிப் பகுதி ‘ஹார்ன்’ போல இருந்ததால், பின்னால் வந்த கவிஞர்கள் சிலர் அதை ஊதுகொம்பு என்றே நினைத்து, பாத்திரங்களின் வாயில் வைத்து ஊதவும் விட்டார்கள். ஒலியை வைத்துப் பொருளை ஊகிப்பது நமக்கு மட்டும் உள்ள பழக்கமில்லை.

இலங்கை வழக்கைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாட்டுத் தமிழர் எல்லோருக்கும் புரிகிற சொல் அது. ஆனால் தமிழ்நாட்டில் துண்டறிக்கை எழுதுபவர் அதைக் கடன் வாங்கினால் குழப்பம்தான் மிஞ்சும்.

இங்கே பேச்சில் இருப்பது கோஷம். இதுவும் வடமொழி, பேரொலி என்று பொருள். (கோஷமும் கோஷ்டியும் கூட்டங்களில் சேர்ந்தே தென்படுவதால் ஒரே குடும்பம் என்று நினைக்கத் தோன்றும். வேறு வேறு சொற்கள்.) ‘கோஷம் போடு’ என்பதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் ‘அதெல்லாம் வெறும் கோஷம்’ என்று சொல்லிச் சொல்லியே அந்தச் சொல் கொஞ்சம் இளைத்துவிட்டது.

சரி, முழக்கத்துக்கு வருவோம். முழங்கு என்ற வினையிலிருந்து வந்தது. முரசு முழங்கும், இடி முழங்கும், கடல் முழங்கும். ‘முரசு முழங்கு தானை மூவர்’ என்று மூவேந்தரைச் சொல்கிறது புறநானூற்றின் 35ஆம் பாட்டு. தானை என்றால் படை. ஸ்காட்லாந்துக் குலத்தார் படையோடு சேர்த்துக் கத்தியதை, நம் ஆட்கள் படையோடு சேர்த்து முரசில் அடித்திருக்கிறார்கள்.

அந்தப் பாட்டு இன்னொரு காரணத்துக்காகவும் இங்கே வரவேண்டியது. வெள்ளைக்குடி நாகனார், சோழன் கிள்ளிவளவனைப் பாடி, நிலத்துக்குக் கட்டாமல் நின்ற பழைய வரியைத் தள்ளுபடி செய்ய வைத்தார் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. பாட்டுக்குள் ‘வரியைத் தள்ளு’ என்று ஓரிடத்திலும் இல்லை. உன் வெண்கொற்றக் குடை வெயிலை மறைக்கவா பிடித்தது? இல்லை, வருந்திய குடியை மறைப்பதற்கு. உன் படை தரும் வெற்றியும் ஏர்ச்சாலில் விளைந்ததன் பயன்தான். உழவனைக் காப்பாற்று, அடங்காதவர்களும் உன் காலைப் பணிவார்கள். இவ்வளவுதான். மன்னன் தலைக்கு மேலே இருந்த குடையையே எடுத்துக் குடியானவன் பக்கம் சாய்த்துவிட்டார்.

ஆகவே என் வாக்கு முழக்கத்துக்கு. கூட்டத்தில் ஒலிப்பது முழக்கம், தட்டியில் எழுதுவது முழக்க வாசகம். சோப்புக்கும் சேலைக்கும் எழுதுவதை விளம்பர வாசகம் என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

சொல் கிடைத்துவிட்டது, முழக்கத்தை எழுதுவது எப்படி? தமிழில் எழுத உட்கார்ந்தால் ஆங்கிலத்தில் வராத ஒரு கேள்வி முதல் வரியிலேயே வழிமறிக்கும்: நாமா, நாங்களா? மாற்றுத்திறனாளிகள் இயக்கம் உலகெங்கும் சொல்லும் ஒரு முழக்கம் உண்டு: ‘நத்திங் அபௌட் அஸ் வித்தவுட் அஸ்’. 2004இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் நாளுக்கு அதுவே கருப்பொருள். ‘நம்மைக் கேட்காமல் நம்மைப் பற்றி எதுவும் வேண்டாம்’ என்று அதைத் தமிழில் எழுதினால், எதிரே உட்கார்ந்து முடிவெடுக்கும் அதிகாரியும் ‘நம்’மில் சேர்ந்துவிடுவார். முழக்கம் அங்கேயே செத்தது. ‘எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்’ என்றால்தான் குத்தும்.

தண்ணீர்க் குழாய்க்கு அப்படியே நேர்மாறு. காலனிக்காரர்கள் ‘எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடு’ என்றால், அது அவர்கள் பாடு என்று ஊர் ஒதுங்கிக்கொள்ளும். ‘நம்ம ஊர்த் தண்ணி எல்லாத் தெருவுக்கும்’ என்று சொல்லிப் பாருங்கள். ஊர் வேறு, காலனி வேறு என்ற கோட்டை ஒரு ‘நம்ம’ அழிக்கப் பார்க்கிறது. அதற்காகவே சிலருக்கு உறுத்தவும் செய்யும்.

அப்புறம் விகுதி. ‘உழுபவனுக்கே நிலம்’ பழைய, வலுவான முழக்கம். ஆனால் நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெரும்பாலும் பெண்கள். நிலமில்லாத உழவர்களுக்கு நிலம் வாங்கித் தரப் பாடுபட்ட கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் லாஃப்டி இயக்கம் கீழத்தஞ்சையில் நிலத்தைப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தது. பத்திரத்தில் பெண் இருக்க, முழக்கத்தில் மட்டும் ‘வன்’ ஏன்? ‘உழுபவருக்கே நிலம்’ என்றால் தாளமும் குறையவில்லை.

துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டார்கள். கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்தி இருக்கை தரச் சொல்லின. அப்படியொரு கடை வாசலில் நிற்க எனக்கு ஒரு தட்டி எழுதச் சொன்னால், ‘உட்காரும் உரிமையை வழங்கு’ என்று முதலாளிக்கு எழுத மாட்டேன். ‘உங்களுக்கு நூறு சேலை எடுத்துப்போட்ட அக்காவுக்கு ஒரு ஸ்டூல்’ என்று வாங்க வருபவருக்கு எழுதுவேன். நாகனார் குடையைக் காட்டியது போலத்தான்.

எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவும் வேண்டும். ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டாகத் திருப்பிச் சொல்வார்கள். வெயிலில், நடந்துகொண்டே. ‘உள்ளடக்கிய வளர்ச்சியை உறுதிப்படுத்துக’ என்று நாலு தடவை கத்திப் பாருங்கள். மூன்றாவது தடவையிலேயே நாக்கு தடுக்கும்.