டீடாக்ஸ்: நச்சு நீக்கமா, நச்சு முறிப்பா?

பாண்டி பீச் ரோட்டுப் பக்கம் ஒரு கடை போர்டுல "உடல் நச்சு நீக்கும் ஜூஸ்"னு பாத்தப்பக்கூட பேசாம வந்துட்டேன். போன வாரம் கடலூர்ல அக்கா பொண்ணு, மைக்ரோபயாலஜி படிக்கிறா, நோட்டைக் காட்டினா. "வெள்ளணு நொதி பாக்டீரியாவின் அகநச்சை நச்சு நீக்கம் செய்கிறது." இங்கிலீஷ் 'டீடாக்ஸிஃபிகேஷன்'ஐத்தான் அப்படி நச்சு நீக்கம்னு போட்டிருக்காங்க. காட்டிட்டு, "மாமா, நீக்கி எங்க கொண்டுபோய் கொட்டும்?"னு கேட்டா பாருங்க, அதுக்கப்புறம் எழுதாம இருக்க முடியல.

டாக்சின், கிரேக்கத்துல வில்லைக் குறிக்கிற டாக்சான்லேர்ந்து வந்தது, அம்புல தடவுற விஷம். தமிழ்ல நஞ்சு, இன்னொரு சொல்லோட சேந்தா நச்சு, நச்சுப்பல் மாதிரி. அதுல சண்டையே இல்ல, நீக்கம்லதான் சண்டை.

ஈ.கோலை மாதிரி பாக்டீரியாவோட வெளிச்சவ்வுல இருக்கிற லிப்போபாலிசாக்கரைடுதான், அதாவது கொழுப்பும் சர்க்கரைச் சங்கிலியும் சேந்த மூலக்கூறுதான் அகநச்சு. அதோட லிப்பிட் ஏங்கிற கொழுப்புப் பகுதியில ஆறு கொழுப்பமில வால், அந்த ஆறையும் மோப்பம் புடிச்சுதான் நம்ம செல்லு காய்ச்சலைக் கிளப்புது. நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ்ங்கிற வெள்ளணுக்கள்ல இருக்கிற அசைலாக்சியசைல் ஹைட்ரோலேஸ்ங்கிற நொதி அதுல ரெண்டே ரெண்டு வாலை வெட்டுது, மனுஷ நியூட்ரோஃபில்ல இது இருக்குன்னு மன்ஃபோர்டு, ஹால்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1986லயே எழுதிட்டாங்க. சர்க்கரைச் சங்கிலி அப்படியே இருக்கு, மிச்ச நாலு வாலும் இருக்கு, வீரியம் மட்டும் போச்சு. இதுல எதை நீக்கினாங்க?

எங்க ஆயா, "மருந்து சாப்புடுறப்ப அகத்திக்கீரை தின்னாத, மருந்து முறிஞ்சிடும்"னு சொல்லும். மருந்து வயித்துலதான் இருக்கு, ஆனா வேலை செய்யாதுங்கறதுதான் அந்த முறிவுக்கு அர்த்தம். இந்த நொதி பண்றதும் அச்சு அசலா அதேதான், அதனால நச்சு முறிப்பு.

முறிப்புன்னா எலும்பு ஞாபகம் வருதுன்னு ஒரு நண்பர் சொன்னார், சிறியாநங்கையை விஷமுறிவுன்னு வீட்டு வாசல்ல வளக்கிற ஊர்ல யாருக்குங்க எலும்பு ஞாபகம் வரும்? விஷத்துக்குக் குடுக்கிற மாத்துமருந்துக்கு நச்சுமுறின்னு ஏற்கனவே பேர் இருக்கே, குழம்புமேன்னார். அது பொருள், இது செயல், முறி வேற முறிப்பு வேற, தமிழ் விகுதி எதுக்கு இருக்கு?

மொழிபெயர்க்கிறவங்க இங்கிலீஷ்ல முன்னாடி 'டீ'ன்னு பாத்தாலே கண்ணை மூடிட்டு நீக்கம்னு போட்டுடறாங்க, உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு நிமிஷம் பாக்கறதில்ல. கடல்தண்ணிக்கு உப்புநீக்கம் சரி, உப்பு நிஜமாவே வெளிய வருது. டயாலிசிஸ்லயும் கழிவு ரத்தத்தை விட்டுப் போகுது, அங்க நீக்கம்னு தாராளமா எழுதுங்க.