ஸ்மார்ட்: திறனா, சூட்டிகையா?

‘திறன்மிகு குப்பைத்தொட்டி’ என்று ஓர் அறிவிப்பில் பார்த்தேன். நிரம்பியதும் தானே தகவல் அனுப்பும் தொட்டியாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குப்பைத்தொட்டிக்கு என்ன திறன்? அதிகக் குப்பை பிடிக்குமா? திறன்பேசி, திறன் கடிகாரம், திறன்மிகு வகுப்பறை என்று ஏற்கெனவே ஒரு வரிசை நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்மார்ட்’ கண்ணில் பட்டால் போதும், ‘திறன்’ என்று முத்திரை குத்தி அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

முதலில் சொல்லின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்மார்ட்’ என்றால் வலிப்பது, சுரீரென்று உறைப்பது. வலியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ‘ஷ்மெர்ட்ஸ்’ இதன் பங்காளி. புகை பட்டுக் கண் எரிவதற்கு ஆங்கிலேயர் இன்றும் இந்தச் சொல்லைத்தான் வினையாகப் போடுவார்கள். சுரீரென்ற அடியிலிருந்து விறுவிறுப்பு, அதிலிருந்து மதிக்கூர்மை, பிற்பாடு உடையில் எடுப்பு என்று பொருள் நகர்ந்தது. பிரிட்டனில் ஒருவரை ஸ்மார்ட் என்றால் பெரும்பாலும் அவருடைய உடுப்பைச் சொல்கிறார்கள், அமெரிக்காவில் மூளையை. ‘ஆள் ஸ்மார்ட்டா இருக்கார்’ என்று நாம் சொல்வது பிரிட்டன் வழி வந்தது.

உச்சரிப்பிலும் இரண்டு வழி உண்டு. பிரிட்டனில் பலரது வாயில் ‘ர்’ ஒலிக்காது, ‘ஸ்மாட்’ என்று ஆகாரம் நீளும். அமெரிக்கர் நாக்கைச் சுருட்டி ‘ர்’ஐச் சேர்ப்பார்கள். நாம் எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள், ‘ர்’ஐ விடுவதில்லை. சொல் ‘ட்’ஐக் கொண்டு முடிவது தமிழ் நாவுக்குப் பழக்கமில்லை என்பதால் கடைசியில் ஓர் உகரம் ஒட்டி ‘ஸ்மார்ட்டு’ ஆகிறது. ஆங்கிலத்தின் அந்தக் கடைசி ஒலி நம் டகரமும் அல்ல. நாக்கு நுனி பல்லீறைத் தொட்டுப் பிறப்பது. ‘இன்டர்நெட்’டை ‘இன்ரநெற்’ என்று றகர ஒற்றில் முடித்து எழுதும் ஈழத்து வழக்கம் அந்த ஒலிக்கு டகரத்தைவிட நெருக்கம்.

சரி, கருவிகளுக்கு இந்த அடைமொழி எப்படி வந்தது? வியட்நாம் போரில் ‘தான் ஹோவா’ என்ற பாலத்தை அமெரிக்க விமானங்கள் ஆண்டுக்கணக்கில் தாக்கியும் வீழ்த்த முடியவில்லை. 1972இல் லேசர் ஒளியைப் பின்தொடரும் குண்டுகளால்தான் அது விழுந்தது. ‘ஸ்மார்ட் பாம்’ என்ற பெயர் பரவியது அந்தக் காலத்தில். வழக்கமான குண்டின் முகப்பில் ஒளியைத் தேடும் கருவியையும் உடலில் திசை திருப்பும் துடுப்புகளையும் பொருத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். வெடிமருந்து அதே வெடிமருந்து. விழும்போதே இலக்கைக் கவனித்துத் தன் போக்கைத் தானே திருத்திக்கொண்டது என்பதுதான் புதுமை.

ஸ்மார்ட் என்ற அடைமொழியின் உயிர் இங்கே இருக்கிறது. சுற்றிலும் நடப்பதைக் கவனிப்பது, அதற்கு ஏற்பச் சட்டென்று நடந்துகொள்வது. வலிமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

திறன் அப்படியா? பள்ளி இயற்பியலில் திறன் என்றால் வேலையைக் காலத்தால் வகுத்து வருவது, அலகு வாட். அந்தப் பாடம் படித்த பிள்ளை ‘திறன்பேசி எத்தனை வாட்?’ என்று கேட்டால் தப்பே இல்லை. பாடப்புத்தகத்துக்கு வெளியே வந்தால் திறன் என்பது பழகிப் பெறுகிற ஆற்றல்: எழுதும் திறன், கற்றல் திறன், திறன் மேம்பாட்டுப் பயிற்சி. ‘திறன் வகுப்பு’ என்று பலகை வைத்தால் அது தையல் பயிற்சியா, திரை வைத்த வகுப்பறையா என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் ‘மிகு’வைச் சேர்த்தார்கள் போலும். சேர்த்த பிறகு அது பாராட்டுப் பத்திரம் ஆகிவிட்டது.

இன்னொன்று. திறன் எதைச் செய்யும் திறன் என்று முன்னால் ஒரு சொல்லைக் கேட்கும். செயல்திறன், கேட்கும் திறன், படைப்புத்திறன் எல்லாம் அப்படி அமைந்தவை. தலையில் தனியாக நிறுத்தினால் அந்தரத்தில் தொங்குகிறது. அப்புறம், திறன்பேசி என்று ஒன்று இருந்தால் பழைய பொத்தான் கைபேசி திறனற்ற பேசியா? ஒருமுறை மின்னேற்றினால் நாள்கணக்கில் தாங்கியது அதுதான்.

எதிர்த்தரப்பு ஒன்று சொல்லும்: ‘பழகிவிட்டது, விட்டுவிடுங்கள்.’ எழுத்தில் பழகியிருக்கலாம். ‘என் திறன்பேசி எங்கே?’ என்று வீட்டுக்குள் தேடுகிறவர் யார்? ‘ஃபோன் எங்கே’ என்றுதான் தேடுகிறோம். வாய்க்கு வராத சொல்லுக்குப் பழக்கம் என்ற சலுகை கிடையாது.

2015இல் ஒன்றிய அரசு தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு நம்மிடம் இரண்டு பெயர்கள் புழங்கின: ‘சீர்மிகு நகரம்’, ‘பொலிவுறு நகரம்’. காதுக்கு இனிமை, மறுக்கவில்லை. ஆனால் பொலிவுறு என்றவர் அந்த ஆங்கிலச் சொல்லின் உடுப்புப் பொருளை எடுத்து ஊருக்கு மாட்டிவிட்டார். சீர்மிகு என்பது அழைப்பிதழ்த் தமிழ். ‘சீர்மிகு விழா’ போல எதற்கு முன்னாலும் நிற்கும், எதையும் சொல்லாது. ‘நுண்ணறிவு’ இவற்றைவிடத் தேவலாம். ஆனால் செயற்கை நுண்ணறிவு அந்தச் சொல்லைக் கையகப்படுத்தியாகிவிட்டது. தவிர, நிரம்பியதைச் சொல்கிற குப்பைத்தொட்டிக்கு நுண்ணறிவு என்பது கொஞ்சம் அதிகம்.

என் கை சூட்டிகைக்கு. ‘பிள்ளை நல்ல சூட்டிகை’ என்றால் என்ன புரிகிறது? ஒரு முறை காட்டினால் பிடித்துக்கொள்ளும், முகம் பார்த்து நடந்துகொள்ளும், சொல்வதற்கு முன்பே எடுத்துக் கொடுக்கும். பெரிய மேதை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். மந்தமல்ல என்று நினைப்பார்கள். கருவிக்குச் சொல்லவேண்டியதும் இவ்வளவுதானே? வீட்டில் ஆளில்லை என்று தெரிந்து விளக்கை அணைக்கும் கருவி சூட்டிகையானது. ‘சுட்டி’ இன்னும் சின்னது என்பார்கள். அதைக் கணினி எலிக்கும் (மவுஸ்) இணையப் பக்க இணைப்புக்கும் (லிங்க்) கொடுத்துவிட்டோம். ‘கெட்டிக்காரத் தொலைக்காட்சி’ என்றால் சிரிப்பு வரும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள தீராத குறை, ஆங்கிலச் சொல் ஒன்றென்றால் தமிழிலும் ஒன்றே இருக்கவேண்டும் என்ற பிடிவாதம். உடைக்கு மிடுக்கு இருக்கிறது, எடுப்பு இருக்கிறது. ஆளுக்குக் கெட்டிக்காரர், சமர்த்து. எதிர்த்து வாயாடுகிறவரை ஆங்கிலேயர் ‘ஸ்மார்ட் அலெக்’ என்பார்கள். நம்மிடம் அதிகப்பிரசங்கி எப்போதோ வந்துவிட்டார். அவரையும் ஒருநாள் ‘திறன்மிகு அலெக்’ ஆக்கிவிடுவார்களோ என்பதுதான் பயம். அப்படி ஆக்குவதைவிட ஸ்மார்ட்டையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போகலாம். கடன்சொல் புரியவாவது செய்யும்.

ஸ்மார்ட்போனுக்கு ‘சூட்டிகைப்பேசி’ என்று வலி மிகுத்து எழுதுவதே முறை. அந்த ‘ப்’ஐ விட்டு ‘சூட்டிகைபேசி’ என்று எழுதினால் சொல்லுக்குள்ளேயே ஒரு கைபேசி தெரியும். இலக்கணக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு என்னவோ பிடித்திருக்கிறது.