மெதைலேற்றம் என்று சொன்னால் போதாதா?

டிஎன்ஏயில் மெதைல் என்ற சிறு இரசாயனக் கூட்டம் ஏறுவதுதான் டிஎன்ஏ மெதைலேற்றம். அதை 'மரபணு முடக்கம்' என்று எழுதுவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. அண்மையில் யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு சுகாதாரக் கருத்தரங்கின் துண்டுப்பிரசுரத்திலும் அதுதான். எங்கள் 'பரம்பரையலகு' போய் 'மரபணு' வந்தது, அது கிடக்கட்டும். 'முடக்கம்'தான் உறுத்துகிறது.

'மெதைல்' என்ற சொல்லின் பிறப்பு எளிது. 1830களில் தூமா, பெலிகோ என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர்கள், மரத்தை வடித்துப் பெற்ற மதுசாரத்துக்காக, கிரேக்கத்தில் மதுவுக்கும் மரத்துக்கும் உள்ள சொற்களைக் கோத்தார்கள். ஒரு காபன், மூன்று ஐதரசன்: அதுதான் மெதைல். மனிதக் கலங்களில் அது பெரும்பாலும், டிஎன்ஏயின் எழுத்துகளில் குவானீனுக்கு முன்னால் நிற்கும் சைற்றோசீனின் ஐந்தாம் காபனில் ஏறுகிறது. ஏற்றிவிடுவது ஒரு நொதியம். எழுத்து வரிசை மாறுவதில்லை.

சரி, 'முடக்கம்' ஏன் பிழை? பரம்பரையலகின் தொடக்கப் பகுதியில் மெதைல் நெருக்கமாக ஏறினால், அதிலிருந்து ஆர்என்ஏ படியெடுப்பது தடைப்படுவது உண்மைதான். மெதைலைப் பற்றிக்கொள்ளும் சில புரதங்கள், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதங்களை இறுக்கும் நொதியங்களைக் கூட்டிவரும். பெண்களின் இரு எக்ஸ் நிறமூர்த்தங்களில் ஒன்று அடங்கியே கிடப்பதற்கும் இது துணை. ஆனால் அதே மெதைல் பரம்பரையலகின் நடுப்பகுதியில் ஏறியிருந்தால், பல வேளை அது மும்முரமாக வேலைசெய்யும் அலகு! அங்கே என்ன எழுதுவார்கள், 'முடக்கப்பட்டும் முடங்காத மரபணு' என்றா? முடக்கம் என்றதும் ஏதோ நிரந்தரம் போலவும் தொனிக்கிறது. ரெற் (TET) என்ற நொதியங்கள் மெதைலை ஒட்சியேற்றி, அதைக் களையவும் வழிசெய்கின்றனவே. ஆங்கிலத் தலைப்பை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் இப்படித்தான் வரும்.

'மெதைலாக்கம்' என்போரும் உண்டு. ஆவியாக்கம் என்றால் நீர் ஆவியாகிறது. டிஎன்ஏ என்ன மெதைலாகவா மாறுகிறது? ஐதரசனேற்றம், குளோரினேற்றம் என்று நம் பாடநூல்கள் போட்ட பாதை இருக்கிறது.

'மெதைல்' தமிழல்ல என்று முகம் சுளிப்போருக்கு ஒன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியரின் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. அதன் பெயரே 'கெமிஸ்தம்'. பொருளின் பெயரை வாங்கலாம், செயலைத் தமிழில் சொன்னால் சரி.

பரம்பரையலகின் வெளிப்பாடு, அதாவது அது வேலைசெய்வது, அடங்கியதைச் சொல்ல வேண்டுமா? 'தொடக்கப் பகுதியில் மெதைலேற்றம், அதனால் வெளிப்பாடு குறைந்தது' என்று எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு.