"காலியாகத்தான் இருந்தது, சார்!"

அமெச்சூர் ரேடியோக்காரர்களின் மைக்ரோவேவ் போட்டி முடிந்த ஒவ்வொரு திங்கட்கிழமையும் இந்த வாக்கியம் என்னைத் தேடி வந்துவிடுகிறது. இந்த முறை மூன்று பேரிடமிருந்து. மூன்றாமவர் 10 கிகாஹெர்ட்ஸில் ஒரு பீக்கனின் (தானாகவே ஓயாமல் அடையாள சிக்னல் அனுப்பும் நிலையம்) அதிர்வெண்மேலேயே உட்கார்ந்து, மோர்ஸை அனுப்பும் கீயரை ஓடவிட்டு, முக்கால் மணி நேரம் சி.க்யூ., அதாவது "யாராவது பேச வாருங்கள்" என்று கூப்பிட்டிருக்கிறார். அதே பீக்கனை வைத்து டிஷ்ஷை நேர்செய்யக் குன்றின்மேல் நின்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். போன் பண்ணிக் கேட்டேன். "கேட்டுப் பார்த்துட்டுத்தான் சார் கூப்பிட்டேன், காலியாகத்தான் இருந்தது."

காலியாகத்தான் இருக்கும். மைக்ரோவேவில் எல்லா அதிர்வெண்ணும் எப்போதும் காலியாகத்தான் கேட்கும்.

ஹெச்.எஃப். எனும் சிற்றலை பேண்டில் பழகியவர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு: முதலில் கேள், யாரும் இல்லையென்றால் கூப்பிடு. அங்கே அது சரி. கம்பியைக் கட்டினால் நாலா பக்கமும் காதில் விழும். ஆனால் 10 கிகாஹெர்ட்ஸில் 60 செ.மீ. டிஷ்ஷின் கற்றை அகலம், அதாவது அது பார்க்கும் கோணம், ஏறக்குறைய மூன்றரை டிகிரி. முழு வட்டத்தில் நூற்றில் ஒரு துண்டு. அதை மட்டும் கேட்டுவிட்டு "யாருமில்லை" என்பது, சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வீடே காலி என்று சொல்வதைப் போல.

பகலில் எனக்கு மைக்ரோவேவ் இணைப்புகளுக்கு அதிர்வெண் ஒதுக்கும் வேலை. ஒரு கோபுரத்தில் நின்று கேட்டு, "சத்தமில்லை, போட்டுவிடலாம்" என்று எழுதிக் கொடுத்தால் மறுநாள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எதிர்முனையில் என்ன விழுகிறது என்பதுதான் எங்கள் கணக்கு. போட்டியிலும் அதேதான். நீங்கள் கிழக்கே வெகு தூரத்தில் உள்ள ஒரு மலையை நோக்கி டிஷ்ஷைத் திருப்பியிருக்கிறீர்கள். உங்களுக்கு வடக்கே சில கி.மீ. தள்ளி, நடுவில் ஒரு குன்றுக்கு அப்பால், இன்னொருவர் அதே மலையை நோக்கி நிற்கிறார். அவர் குரல் உங்களுக்கு வரவே வராது. உங்கள் குரலும் அவருக்குப் போகாது. அந்த மலைமேல் இருப்பவருக்கோ இருவரும் ஒரே கற்றைக்குள் வந்து விழுகிறீர்கள். உங்கள் காதில் அமைதி, அவர் காதில் சந்தைக்கடை. நீங்கள் எத்தனை நிமிடம் பொறுமையாகக் கேட்டிருந்தாலும் இது மாறாது. அதனால் கேட்டு முடிவு செய்யாதீர்கள், விசாரித்து முடிவு செய்யுங்கள். இரண்டு மீட்டர் (144 மெகாஹெர்ட்ஸ்) பேண்டில் ஒருவரையொருவர் ஒருங்கிணைக்கும் பேச்சுத்தொடர்பு எதற்கு இருக்கிறது? "நான் எங்கே இருக்கிறேன், எந்தப் பக்கம் பார்க்கிறேன்" என்று ஒரு வரி போதும். (கால் சைனும் (நிலையத்தின் அடையாளப் பெயர்) கிரிட்டும் (இருக்கும் இடத்தின் குறியீடு) மைக்ரோவேவிலேயே பரிமாறப்பட வேண்டும். இரண்டு மீட்டரிலேயே சொல்லிவிட்டு லாக்கில் ஏற்றுகிறவர்களைப் பற்றி இன்னொரு நாள் தனியாகத் திட்டுகிறேன்.)

சரி, எங்கே உட்காருவது? எல்லோரும் கூடும் அழைப்பு அதிர்வெண் கூப்பிடுவதற்கு மட்டும். ஆள் கிடைத்ததும் நகர்ந்துவிடுங்கள். வட அமெரிக்காவில் 10368.100 மெகாஹெர்ட்ஸ் என்றால், 30, 40 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஓர் இடத்தைப் பிடித்து, போட்டி முழுக்க அதிலேயே இருங்கள். இடத்துக்கு இங்கே பஞ்சமில்லை. பீக்கன் பகுதியைத் தொடவே வேண்டாம். ஐரோப்பா அடங்கிய முதல் மண்டலத்தில் 23 செ.மீ. பேண்டில் அது 1296.800 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. நிலவில் பட்டுத் திரும்பும் சிக்னலைக் கேட்பவர்கள் 1296.000-ஐ ஒட்டிக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். அவர்களையும் விட்டுவிடுங்கள், பாவம்.

யாரோ எப்போதோ எழுதிய அழைப்பு அதிர்வெண் பட்டியலை ரேடியோவின்மேல் ஒட்டி வைக்கும் பழக்கமும் ஒழிய வேண்டும். 23 செ.மீ.யில் வட அமெரிக்கா 1296.100, முதல் மண்டலம் 1296.200. 13 செ.மீ.யில் 2304-க்கும் 2320-க்கும் டிரான்ஸ்வர்ட்டரே (சாதாரண ரேடியோவின் சிக்னலை மைக்ரோவேவுக்கு மாற்றும் பெட்டி) வேறு. அமெரிக்காவில் பல வருடம் 3456.100-இல் கூப்பிட்டார்கள், 3450-க்கு மேலே உள்ள பகுதியை 2022 ஏப்ரலில் அமெச்சூர்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் 3456 என்று அச்சடித்த பட்டியல்கள் இன்னும் சுற்றுகின்றன. 23 செ.மீ.யில் இடம் தேடிக் கீழே இறங்கவும் வேண்டாம். 1278.75-ஐ மையமாக வைத்து கலிலியோ செயற்கைக்கோள்கள் ஒலிபரப்புகின்றன, நாம் அங்கே இரண்டாம் நிலைப் பயனாளர்கள்தான்.

இன்னொரு வேடிக்கை. 5760-இல் இரைச்சல் என்று 5 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்து பார்க்கிறார்கள். வைஃபையின் 153-ஆம் சேனல் 5755 முதல் 5775 மெகாஹெர்ட்ஸ் வரை படுத்திருக்கிறது. அதிலிருந்து தப்ப 5 கிலோஹெர்ட்ஸா? டிஷ்ஷைத் திருப்புங்கள், இல்லை இடத்தை மாற்றுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கேள்வி: திரையில் 10368.140 என்று தெரிகிறதே, நீங்கள் உண்மையிலேயே அங்கேதான் இருக்கிறீர்களா? பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை 1296-இல் 1.3 கிலோஹெர்ட்ஸ். 10368-இல் 10.4. 24048-இல் 24. நாம் பேசும் எஸ்.எஸ்.பி. முறையில் குரலின் அகலமே இரண்டரை கிலோஹெர்ட்ஸ்தான். போன மாதம் என் மேசைக்கு வந்த ஒரு டிரான்ஸ்வர்ட்டர், மூடியைத் திறந்து படிகத்தின்மேல் ஊதினாலே பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. குன்றின்மேல் காலைக் குளிரில் ஆரம்பித்து, பத்து மணி வெயில் பெட்டிமேல் அடித்தால் என்ன ஆகும்? ஜி.பி.எஸ்.ஸில் பூட்டிய 10 மெகாஹெர்ட்ஸ் ஆதாரத்தை வாங்குங்கள். முடியாவிட்டால், போட்டிக்கு அரை மணி முன்பே மின்சாரம் கொடுத்துச் சூடாக்கிவிட்டு, தெரிந்த ஒரு பீக்கனைக் கேட்டுப் பிழையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தவரோடு பேசும்போது, துல்லியமான ஆதாரம் உள்ளவர் நிற்கட்டும், மற்றவர் ஆர்.ஐ.டி.யை (கேட்கும் அதிர்வெண்ணை மட்டும் நகர்த்தும் திருகி) சுற்றித் தேடட்டும். இரண்டு பேரும் திருகினால் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டே பேண்டின் ஓரத்துக்குப் போய்விடுவீர்கள்.

டிரான்ஸ்வர்ட்டருக்குப் பின்னால் 144 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவை இடைநிலையாக வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. 10368.300-இல் பலமாக ஒருவர் கேட்டால் உடனே சந்தோஷப்படாதீர்கள். உங்கள் ரேடியோவில் அது 144.300-ஆகத்தான் வரும், முதல் மண்டலத்தில் 144.300 இரண்டு மீட்டரின் அழைப்பு அதிர்வெண். அது கேபிள் வழியாக உள்ளே கசிந்திருக்கலாம். டிஷ்ஷைத் திருப்பியும் சிக்னல் அசையவில்லையென்றால் அது கசிவுதான். மழையில் பட்டுச் சிதறும் சிக்னலை வைத்துப் பேசுவதானால் பக்கத்தவரிடமிருந்து இன்னும் தாராளமாகத் தள்ளி இருங்கள், அதில் சிக்னல் தன் அகலத்தைவிடப் பரந்து வரும்.

பீக்கன் மேல் உட்கார்ந்த நண்பரிடம் கடைசியாக, "டிஷ் எந்தப் பக்கம் பார்த்தது?" என்று கேட்டேன். "மேற்கே." பீக்கன் இருப்பது அவருக்குத் தெற்கே. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அடுத்த போட்டிக்கு எங்கே இருக்கட்டும் சார்?" என்றார். 10368.140-இல் நான் இருக்கிறேன், நீங்கள் 10368.170 எடுத்துக்கொள்ளுங்கள், முதல் நாள் இரவே மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள் என்றேன்.