ஒரு செண்டுக் கொல்லையில் இரண்டு மாதச் சாப்பாடு

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் கொல்லை என்றால் கத்தரி, வெண்டை, ஒரு முருங்கை. குழம்புக்கு ஆகும், வயிறு நிறையாது. பசியடக்குவது மாவுச்சத்து. அதைக் கையகல நிலத்தில் எடுக்க, நெல்லைவிட மரவள்ளிதான் தோது.

நெற்பயிர் தன் மணிகளைக் காற்றில் தூக்கிப் பிடிக்க வேண்டும்; கதிர் கனத்தால் தாள் சாயும். மரவள்ளி சேமிப்பதெல்லாம் வேரில். பாரத்தை மண் சுமக்கிறது. இலையில் உண்டாகும் சர்க்கரை பட்டை வழியே இறங்கி, வேரில் மாவாகிறது. சர்க்கரையாகவே குவிந்தால் தண்ணீரை இழுத்து செல்களை உப்பவைக்கும். மாவோ கரையாது; அடுக்க அடுக்கச் சும்மா கிடக்கும்.

ஒரு செண்டு 435 சதுர அடி. மூன்றடிக்கு மூன்றடி நட்டால் 48 செடி. செடிக்கு 2 கிலோ என்றால் 96 கிலோ. தோல் போக 75 கிலோ. நூறு கிராமில் 160 கலோரி. ஆக, நாளுக்கு 2,000 கலோரி என்ற கணக்கில் ஓர் ஆளுக்கு 60 நாள். அதே செண்டில் நெல் 16 கிலோ விளைந்தாலும் அரிசி 11 கிலோவைத் தாண்டாது. 20 நாள் தாங்கினால் பெரிது. நெல்லுக்கு நான்கு மாதம், இதற்குப் பத்து மாதம் என்பது வாஸ்தவம். ஆனால் நம் கொல்லையில் இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் எங்கே?

புரட்டாசியில் ஒரு சாண் குச்சிகளைக் கணு மேல்நோக்கி நட்டால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். அடியில் செம்புறாங்கல் கெட்டித்திருக்கும் இடத்தில் வேர் பருக்காது, தண்ணீர் தேங்கினால் அழுகும். அதனால் ஓரடி உயரத்துக்கு மண்ணை அணைத்து மேடு கட்டணும். சாணத்தை அள்ளிக் கொட்டினால் தழைதான் மண்டும். அடுப்புச் சாம்பல் நல்லது: அதிலுள்ள சாம்பல்சத்து (பொட்டாசியம்), சர்க்கரை வேருக்கு இறங்க உதவும். சித்திரை வெயிலில் செடி இலைத்துளைகளை மூடி, இலையையும் உதிர்த்துவிட்டு நிற்கும். பட்டுப்போச்சென்று பிடுங்கிவிடாதீர்கள், மழை விழுந்தால் துளிர்க்கும்.

கிழங்கைப் பச்சையாகத் தின்னக்கூடாது. அதன் செல்களில் சயனைடைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு பொருளும், அதை அவிழ்த்துவிடும் நொதியும் தனித்தனியாக இருக்கின்றன. கடித்தால் இரண்டும் சேர்ந்துவிடும். நஞ்சு அதிகம் தோலில். தோலுரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். இலையும் அப்படித்தான்; ஆட்டை அண்டவிடக்கூடாது.

புரதம் நூற்றுக்கு ஒன்றரைகூடத் தேறாது. செடி சிறிதாக இருக்கும்போதே ஊடே தட்டைப்பயறு போட்டுக்கொள்ளலாம்.

ஆடியில் மொத்தமாகப் பிடுங்க வேண்டாம். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும். மண்ணுக்குள் இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. அன்றன்றைக்கு ஒரு செடி போதும்.